ஒன்றரை மாதத்துக்கு ஒருத்தி

தொழிலை எப்படிப் பெரிதாக்குவது என்று யாராவது கேட்டால் என் அண்ணியிடம் பதில் தயாராக இருக்கும். மேடையிலும் சொல்வாள், சமையலறையிலும் சொல்வாள். "உங்களை நம்பி நடந்தா அது தொழில் இல்ல, கூலி வேலை. உங்க ஆளை நம்பி நடந்தா அது அடிமைத்தனம். முறையை நம்பி நடக்கணும். அப்பதான் அது வளரும்." இளவட்டங்கள் எழுதிக்கொள்வார்கள், கை தட்டுவார்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டியிருக்கிறேன். அந்தக் கையை இப்போது எதில் போட்டுத் தேய்ப்பது என்று தெரியவில்லை.

அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது. அதனால் நேரில் 'நீங்க' என்றாலும் எழுத்தில் 'அவள்' என்றே வருகிறது. அண்ணன் அப்படியில்லை. தங்கை எனக்கு அவர் எப்போதும் அவர்தான்.

அண்ணி ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிப் போடுவது, துடைத்து விடுவது, ஊட்டுவது, அசிங்கம் எடுப்பது. நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது கூட இருப்பவர்கள் அவளைத்தான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள், "வீட்டுக்கு வந்து பாத்துக்கறியாம்மா?" ஒருத்தி எத்தனை வீட்டுக்குப் போவாள்? தனக்குத் தெரிந்த பெண்களை அனுப்ப ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பித்ததுதான் கம்பெனி. என் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் காகிதக் கட்டுகள் அடுக்கும் ஓர் அறை இருந்தது. அங்கே ஒரு பெஞ்சு, ஒரு டெலிபோன், சுவரில் ஒரு கண்ணாடி. வேலைக்குப் போகும் பெண்கள் அந்தக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு கிளம்புவார்கள். அண்ணன்தான் டிரைவர். பழைய வேன் ஒன்றை வாங்கி, ஒவ்வொருத்தியையும் அந்தந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, கதவு திறந்து அவள் உள்ளே போன பிறகுதான் வண்டியை எடுப்பார்.

அண்ணியின் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. புதிதாக ஒரு வீடு கேட்டால் உடனே ஆள் அனுப்ப மாட்டாள். முதலில் தானே போய், காலையிலிருந்து மத்தியானம் வரை அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பாள். மருந்துச் சீட்டைக்கூடக் கேட்க மாட்டாள். படுத்திருப்பவர் எதற்குக் கத்துகிறார், எதைத் தூக்கி எறிகிறார், யார் உள்ளே வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று பார்ப்பாள். திரும்பி வந்து, "இதுக்கு அவதான் சரி" என்று ஒருத்தியைக் கை காட்டுவாள். ஒரு தலைமையாசிரியர் வாயைத் திறந்தாலே வசவுதான். மூன்று நர்சுகளை ஓட ஓட விரட்டியவர். அவருக்கு அண்ணி அனுப்பியது காது மந்தமான ஒரு பெண்ணை. "அவருக்குத் திட்டின திருப்தி, இவளுக்குக் கேக்காத நிம்மதி" என்றாள். அந்த மனிதர் சாகும் வரை அவளைத் தவிர யாரையும் கிட்டே விடவில்லை.

இது ஊரெல்லாம் பரவியது. டெலிபோன் அலறியது. அண்ணி ஒரு நாளைக்கு எத்தனை வீட்டில் போய் உட்காருவாள்? கண்ணுக்குக் கீழே கறுத்தது. அரை வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டு ஓடினாள். அப்போதுதான் பேனா வந்து சேர்ந்தான்.

பேனா என்பது நான் வைத்த பெயர். பெரிய கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிறவன். பேச்சுக்கு நடுவே பேனாவின் தலையை டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டே இருப்பான். அவன் அப்பாவுக்கு அண்ணிதான் ஆள் அனுப்பியிருந்தாள். நன்றி சொல்ல வந்தவன், வந்த காரியத்தோடு போயிருக்கலாம்.

"மேடம், நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல்னா என்ன ஆகும்?" என்றான்.

"எனக்குக் காய்ச்சல் வராது தம்பி."

"அதான் உங்க நோய். உங்களால மட்டும் முடியற வேலைன்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் இந்த ரூமை விட்டு வெளிய வர மாட்டீங்க."

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அதுவரை அவளை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. இவன் பேச்சு நல்லதுக்கில்லை என்று எனக்கு அப்போதே பட்டது. ஆனால் ஒரு மிஷினை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற என் பேச்சு எங்கே எடுபடும்? "உன் கடை உன்னோட சரி. நீ ஷட்டரை இறக்கினா அதோட முடிஞ்சுது" என்று அண்ணி என்னைக் கேலி செய்வாள். உண்மைதான். என் கடையால் யாருக்கும் கெடுதலும் இல்லை.

அவள் பேனாவிடம் முழுசாகப் போய் விழுந்ததற்குக் காரணம் பாட்டுக்காரி. அண்ணி அனுப்பிய முதல் பெண் அவள். வேலை செய்யும்போது வாய்க்குள் எதையாவது முனகிக்கொண்டே இருப்பாள், அதனால் அந்தப் பெயர். ஆஸ்பத்திரியில் அண்ணியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். வயதான ஒரு பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனவள் அந்த வீட்டிலேயே ஒட்டிக்கொண்டாள். ஒரு நாள் அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. "இனிமே உங்க மூலமா வேணாம்மா. இவங்களை நாங்களே வெச்சுக்கறோம். அம்மா இவங்க இல்லாம கண்ணே மூட மாட்டேங்கறாங்க."

அண்ணி போனை வைத்தாள். பிறகு, "கூட இருந்தே குழி பறிச்சிட்டா பாரு" என்றாள்.

"பெரியம்மாதானே விட மாட்டேங்கறாங்க? பாட்டுக்காரி என்ன பண்ணுவா?" என்றேன்.

"நீ சும்மா இரு. உனக்குத் தொழில் தெரியாது."

பேனா இதைக் கேட்டதும் டிக் டிக்கை நிறுத்திவிட்டான். வியாதியைக் கண்டுபிடித்த டாக்டரின் சந்தோஷம் அவன் முகத்தில். "பிரச்சினை அந்த அம்மா இல்ல மேடம். பழக்கம்தான் பிரச்சினை. பழகினா ஒட்டிக்குவாங்க. ஒட்டிக்கிட்டா உங்க கையை விட்டுப் போயிடும். பழக விடாதீங்க" என்றான்.

அன்றைக்குப் பிறந்த விதிதான் ஒன்றரை மாத விதி. எந்த வீட்டிலும் ஒரு பெண் ஒன்றரை மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒருத்தி போவாள், அடுத்தவள் வருவாள். யாருக்கு யார் பொருத்தம் என்று இனிமேல் யாரும் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டாம். எவரும் எவருக்கும் பொருத்தம்தான், ஒன்றரை மாதம்தானே! அண்ணி செய்துவந்த அந்த ஒரு வேலையை இப்படித்தான் ஒழித்தார்கள். ஒழித்ததும் தொழில் குபுகுபுவென்று வளர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், பேனா சொன்னது நூற்றுக்கு நூறு பலித்தது.

வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நான் நினைத்தேன். வரவில்லை. பலருக்கு அது நிம்மதியாகவே இருந்தது. பெற்ற மகளை விட்டுவிட்டு வேலைக்கு வந்தவளைத் தேடும் தாயை எந்த மகளுக்குப் பிடிக்கும்? "எங்கம்மா அவளைத்தான் என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க?" என்று ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்து அழுததை நானே பார்த்தேன். அதையே விளம்பரமாக்கினார்கள். அடிக்கடி புதுக் கை, அதனால் அலுப்பில்லை, சலுகையில்லை, திருட்டில்லை. பெண்கள் வீட்டை விட்டுப் போகும்போது சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பதும் அண்ணி போட்ட விதிதான். படுத்திருப்பவர் தூங்கும்போது கிளம்பிவிட வேண்டும். அழுகை மிச்சம்.

பாட்டுக்காரியின் போட்டோவைப் போட்டு, 'இவரை யாரும் வேலைக்குச் சேர்க்க வேண்டாம்' என்று ஒரு நோட்டீஸ் தயார் செய்தார்கள். இதே வேலை செய்யும் எல்லா ஏஜென்சிகளுக்கும் அனுப்ப வேண்டுமாம். அண்ணி அதை என்னிடம்தான் கொண்டு வந்தாள். "என் மிஷின்ல இது ஓடாது" என்றேன். அடுத்த தெருவில் போய் எடுத்தாள். பெரியம்மா இறந்த பிறகு பாட்டுக்காரியை எந்த வீடும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டோம். ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாளாம்.

அண்ணன் அப்போது ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "அந்தப் பொண்ணு பாவம்மா. போட்டோவை எடுத்துடச் சொல்லு."

"பாவ புண்ணியம் பாத்தா தொழில் பண்ண முடியாதுங்க."

அவர் வேனைத் துடைக்கப் போய்விட்டார். கொஞ்ச நாளில் அந்த வேனுக்கும் வேலை போனது. பெண்களை ஏற்றி இறக்க வாடகைக் கார் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். வாசலில் கதவு திறக்கும் வரை நிற்கும் டிரைவர் நேரத்தை வீணாக்குகிறார் என்று பேனா கணக்குப் போட்டுக் காட்டினானாம். அண்ணன் அப்புறமும் தினமும் காலையில் வண்டியைக் கழுவுவார், துடைப்பார், மூடிவைப்பார்.

பல ஊர்களில் கிளை வந்தது. சீருடை வந்தது. பொம்மையைப் படுக்க வைத்துப் புரட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் வந்தது. பிறகு பணக்காரக் கம்பெனி ஒன்று வந்து முதல் போட்டது. அண்ணி கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள். தீர்மானம் எல்லாம் இனி அவர்கள் கையில், அண்ணிக்கு 'நிறுவனர்' என்ற பட்டம். ஒவ்வொரு கிளையிலும் அவள் படத்தைப் பெரிதாக மாட்டினார்கள். உயிரோடு இருப்பவர் படத்தை ஏன் இப்படி மாட்டுகிறார்கள் என்று நான் கேட்டதற்கு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மேடை மேடையாகப் போனாள். தான் இல்லாமலே தன் தொழில் ஓடுகிறது என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், புருஷனைப் பற்றிப் பேசும்போதுகூட அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

புருஷன் விழுந்தது அந்த வேனுக்குப் பக்கத்தில்தான். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துணி கையில் இருந்தது. பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரு சொல் மட்டும் மிச்சம். "போலாம்." பசித்தாலும் போலாம், வலித்தாலும் போலாம், எரிச்சல் வந்தாலும் போலாம். வாழ்நாள் முழுக்க டிரைவராக இருந்தவர் வாயில் வேறு எது மிஞ்சும்? எல்லாம் புரிகிறது, சொல்லத்தான் முடியவில்லை என்று டாக்டர் சொன்னார். அதைவிடப் பெரிய தொல்லை விழுங்குவது. தொண்டையும் பாதி மரத்துப் போயிருந்தது. அவசரப்பட்டு ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணிக்கு வாரத்தில் பாதி நாள் வெளியூரில் கூட்டம். சாயங்காலம் கடையை மூடிவிட்டு நான் போவேன். நான் ஊட்டினால் அவருக்குப் புரையேறும். கம்பெனியிலிருந்தே ஆள் போட்டார்கள். வந்தவளை நான் நெட்டை என்றேன். நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வந்தாள்.

ஆரம்பத்தில் அவளிடமும் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அவள் கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து, "அந்த வண்டியைப் பாருங்க, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம என்ன பாடு படறான்" என்பாள். அண்ணனுக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்ப்பார், தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக "போலாம்!" என்பார். அந்தச் சந்தில் ஒரு ஸ்பூன் உள்ளே போகும். தாடையைக் கீழே தாழ்த்திப் பிடித்து, தொண்டை ஏறி இறங்கும் வரை காத்திருப்பாள். பிறகு அடுத்த வண்டி. இரண்டு வாரத்தில் அவர் அவளுடைய காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்ப ஆரம்பித்தார். எந்த 'போலாம்' எதற்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் நான் உள்ளே நுழைந்தபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சிரிப்புக்குத்தான் கெடு வந்தது. ஒன்றரை மாதம் முடியப் போகிறது என்று கிளையிலிருந்து போன் வந்தது. அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "என் வீடும்மா இது. நான் சொல்லிக்கறேன்" என்று கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

மேலாளர் நல்ல பையன். அண்ணியே பொறுக்கி எடுத்து வளர்த்தவன். எழுந்து நின்று வரவேற்றான். அவன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் அண்ணியின் படம். அண்ணி விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"எனக்குத் தெரியும் மேடம். நீங்க கேட்டா நான் மறுக்க முடியுமா? ஆனா நீங்க கேப்பீங்களான்னுதான் எனக்குச் சந்தேகம்."

அண்ணி சுவரில் இருந்த தன் படத்தைப் பார்த்தாள்.

"போன வாரம்கூட ஒரு ஜட்ஜ் வீட்டுல கேட்டாங்க. எங்க நிறுவனர் வீட்டுக்கே இதுதான் விதின்னு சொன்னேன். வாயை மூடிக்கிட்டாங்க மேடம்."

எப்பேர்ப்பட்ட சாமர்த்தியம் பாருங்கள். மறுத்திருந்தால் அண்ணி சண்டை போட்டிருப்பாள். அவன் புகழ்ந்தான். அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் கேக்க வரலை. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். எனக்கு நாற்காலியோடு அவளைத் தூக்கி வெளியே போட வேண்டும் போல இருந்தது.

வழியெல்லாம் கத்தினேன். "உங்க கௌரவத்துக்கு எங்கண்ணன் பட்டினி கிடக்கணுமா?"

"யாரு பட்டினி போடறா? அடுத்து வர்றவளும் நாம பழக்கின பொண்ணுதான். எல்லாருக்கும் ஒரே பயிற்சி."

"அண்ணன் பொம்மை இல்ல அண்ணி."

"என் வீட்டுக்கே விலக்கு கொடுத்துட்டு நாளைக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மேடையில நிப்பேன்?"

"மேடையில நிக்க வேண்டாம். வீட்டுல நில்லுங்க."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். என் அண்ணிக்குத் தன் வீட்டுக்குள் வந்த பிறகும் தெரியவில்லை. நெட்டை ஒரு மத்தியானம், அண்ணன் கண்ணயர்ந்திருந்தபோது, தன் பையை எடுத்துக்கொண்டு விதிப்படி சத்தமில்லாமல் போனாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். எழுந்தவர் வாசலைப் பார்த்து "போலாம்" என்றார். இருட்டும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்து வந்தவளைக் குறை சொல்ல மாட்டேன். சின்னப் பெண், பயந்தவள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் கெஞ்சினாள், பிறகு கொஞ்சம் அதட்டினாள், பிறகு வாயைப் பிரித்து ஊட்டினாள். நான்காவது நாள் புரையேறி, காய்ச்சல் வந்து, மூச்சு இரைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். பிழைத்தார். மூக்கு வழியாகக் குழாய் செருகி அனுப்பினார்கள். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க, அசையும் அந்த ஒரு கையையும் கட்டிலோடு துணியால் கட்டினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணிக்குப் பித்தம் தெளிந்தது.

இந்தத் தடவை மேலாளரிடம் வாய்விட்டே கேட்டாள். கேட்டாள் என்ன, கெஞ்சினாள். "மேல கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றான் அவன். அவளுக்கு மேலே ஒரு 'மேல' இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. மேலேயிருந்து பதில் வந்தது, மிக மரியாதையான பதில். நிறுவனரின் சூழ்நிலைக்கு வருந்துகிறார்களாம், நிறுவனர் வகுத்த விதியை மதிக்கிறார்களாம்.

அண்ணி கடைசியில் எந்தக் காரியத்துக்காகப் பாட்டுக்காரியை ஒழித்தாளோ, அதே காரியத்தைச் செய்யத் துணிந்தாள். நெட்டையின் விடுமுறை நாளில் அவள் குடியிருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டு போனோம். ஒரே அறை. துவைத்த சீருடை கொடியில் தொங்கியது. நெட்டை எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "சார் சாப்பிடறாரா?"

அண்ணி கொடியில் இருந்த சீருடையைப் பார்த்தாள். நான்தான் விவரம் சொன்னேன். நெட்டை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"கம்பெனியை விட்டுட்டு எங்க வீட்டுக்கே வந்துடும்மா. அவர் இருக்கிற வரைக்கும் நீதான். உனக்கு ஒரு குறையும் வராது" என்றாள் அண்ணி.

"அவர் இருக்கிற வரைக்கும் சரி மேடம். அப்புறம்?"

"அப்புறமும் நான் பாத்துக்கறேன்."

நெட்டை அண்ணியை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. "பயிற்சிக்கு வந்த முதல் நாளே அந்தப் பாட்டுக்காரம்மா போட்டோவைக் காட்டித்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தாங்க. நாளைக்கு என் போட்டோவை ஒட்டினா நீங்க தடுக்க முடியுமா? உங்க வீட்டுக்கு நீங்க கேட்டதே நடக்கலையே மேடம்."

நெட்டை ஒரு துண்டுக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே, "சாருக்கு ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லுங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது என்றுதான் நினைத்தேன். பாதி வழியில், அது அவள் மேல் இல்லை என்று தெரிந்தது.

பிறகு ஒருத்தி, பிறகு இன்னொருத்தி, பிறகு இன்னொருத்தி. அண்ணன் மாறத் தொடங்கினார். கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தார். குழாயை எடுத்தார்கள். யார் ஸ்பூனை நீட்டினாலும் தாடையைத் தாழ்த்தி வாங்கி, விழுங்கி, அடுத்ததற்கு வாயைத் திறந்தார். ஊட்டும் முகத்தைப் பார்ப்பதில்லை. ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டும் தெருவைப் பார்ப்பதில்லை. "போலாம்" நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. கம்பெனியில் புதிதாக ஓர் ஏற்பாடு வந்திருந்தது. ஒருத்தி வேலை முடித்துக் கிளம்பும்போது நோயாளியின் கட்டைவிரலைத் தன் போனில் அழுத்தி வாங்கினால்தான் அன்றைய வேலை முடிந்ததாகப் பதிவாகும். அதற்கும் அண்ணன் படிந்துவிட்டார். எந்த வேளையானாலும் கடைசி வாய் சாப்பிட்டதும் இடது கை தானாக வரும்.

டாக்டருக்கு மகிழ்ச்சி, எடை ஏறியிருக்கிறது என்றார். மேலாளர் பழக்கூடையோடு வந்தான். "பாத்தீங்களா மேடம், உங்க முறை தோக்கவே இல்ல. இதை மத்த கிளைக்கும் சொல்லலாமா?" என்றான். நான் பழக்கூடையை எடுத்து அவன் கையிலேயே திரும்பக் கொடுத்தேன். அவன் போன பிறகு அண்ணி வெகுநேரம் கூடத்தில் நின்றாள். பிறகு கிளைக்குப் போன் போட்டு, நாளையிலிருந்து ஆள் வேண்டாம் என்று சொன்னாள். ஒத்துக்கொண்டிருந்த கூட்டங்களையும் வரிசையாக வேண்டாம் என்றாள்.

"நானே பாத்துக்கறேன்" என்றாள் என்னிடம். "இந்தக் கையால எத்தனை பேருக்கு ஊட்டியிருப்பேன். இவருக்கு ஊட்ட மாட்டேனா?"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோமே என்று எனக்குக்கூட ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. மறுநாள் காலையில் நான் கடையைத் திறக்கவில்லை. அண்ணி குளித்து, வீட்டில் கட்டும் பழைய நூல் புடவையைக் கட்டிக்கொண்டு, கஞ்சியைக் கட்டியில்லாமல் மசித்துக்கொண்டு வந்தாள். அவரை நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கழுத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷமாகியும் அவள் கை எதையும் மறக்கவில்லை. நெட்டையைவிட நன்றாக ஊட்டினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை, ஒரு இருமல் இல்லை. அண்ணன் வாயைத் திறந்தார், விழுங்கினார், திறந்தார், விழுங்கினார். கண் எதிர்ச் சுவரில் இருந்தது.

"என்னங்க, நல்லா இருக்கா?" என்றாள்.

அவர் அடுத்த வாய்க்குத் திறந்தார்.

கிண்ணம் காலியானது. அண்ணி தன் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். துடைத்து முடித்ததும் அண்ணன் இடது கையை மெல்லத் தூக்கி, கட்டைவிரலை அவள் பக்கம் நீட்டினார்.

அண்ணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "நான்தாங்க" என்றாள். "நான்தான். இங்க பாருங்களேன்."

அவர் பார்க்கவில்லை. போன் வருவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வராததால் அவள் உள்ளங்கையைத் தேடி அதில் விரலை ஒரு முறை அழுத்தினார். அழுத்திவிட்டு, அடுத்தவள் வருவதற்காக வாசல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்.